நூற்று அறுபது படமும் ஒரு கால்முட்டும்

இதை எழுத எனக்கு நான்கு வருஷமாகத் தைரியம் வரவில்லை. எழுதினால் எங்கள் சபையில் முப்பத்தொரு குடும்பம் முகம் கொடுக்காது. எழுதாவிட்டால் ஒரு மனுஷருக்குச் சேரவேண்டிய நன்றி சேராது. கர்த்தரிடம் பலமுறை கேட்டேன். எழுதாதே என்று அவர் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இரணியல் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கும்போது என் மனைவிக்குக் கால்முட்டு திருகிவிட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டர், உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன்தான் என்றார். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அட்மிட் ஆகவேண்டும். அவளுக்குச் சர்க்கரை வேறு. கத்தி வைத்தால் புண் ஆறுமோ ஆறாதோ என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுடைய அக்காள் மருமகன் வடக்கே எலும்பு டாக்டர். வெள்ளிக்கிழமை காலையில் அவருக்குப் போன் செய்தேன்.

“மாமா, நான் வெளியூர்ல நிக்கேன். கையில போன் மட்டும்தான் உண்டு. ஸ்கேன் சி.டி.யில உள்ளத சாதாரண போட்டோவா மாத்தி அனுப்புங்க. அட்மிட் ஆகதுக்கு முன்ன பாத்துச் சொல்லுதேன்” என்றார்.

கம்ப்யூட்டர் சென்டரில் சி.டி.யைக் கொடுத்து, அதிலிருந்ததை என் போனில் ஏற்றி வாங்கினேன். நூற்று அறுபது படங்கள். ஒன்றும் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி மெஷினுக்கு மட்டும் விளங்குகிற விதத்தில் இருக்குமாம். இலவசமாக மாற்றித்தரும் ஒரு இன்டர்நெட் பக்கத்தைச் சென்டர்காரர் காட்டிக்கொடுத்தார்.

அந்தப் பக்கத்தில் ‘டவுன்லோடு’ என்று நான்கு பச்சைப் பொத்தான்கள். முதலாவதைத் தொட்டேன், என் போனில் வைரஸ் என்றது. இரண்டாவதில் தொப்பை குறைய மாத்திரை. மூன்றாவதில் ஒரு பெண்பிள்ளையின் படம். கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லி வெளியே வந்தேன். நான்காவதில் படம் வந்தது. ஐந்து படம் ஆனதும், இந்தப் போனுக்கு இலவசம் இவ்வளவுதான், மேலே வேண்டுமானால் கார்டு நம்பரைக் கொடு என்றது. அதை யாருக்கும் கொடுக்காதே என்று பேங்கில் எழுதி ஒட்டியிருக்கிறார்களே!

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சபையில் யாருக்காவது சுகமில்லையென்றால் சங்கிலி ஜெபம் வைப்போம். வீட்டுக்கு அரைமணி நேரம். ஒரு வீடு முடிக்கும்போது அடுத்த வீடு முழங்கால் போடும். அந்தப் பட்டியலையே எடுத்தேன். என் வீட்டையும் சேர்த்து முப்பத்திரண்டு வீடு, வீட்டுக்கு ஐந்து படம். சபை வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் போட்டு, யாருக்கு எந்த எண் என்று எழுதினேன். ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டேன். கமிட்டி எலெக்‌ஷனில் என்னைத் தோற்கடித்தவர் வீடு அது. ஜெபப் பட்டியலிலும் அவர் வீடு கிடையாது. பட்டியல் எழுதுகிறவன் நான்தான்.

“சபையே என் முட்டப் பாக்கப் போவுதா?” என்றாள் மனைவி.

“முட்டுக்கு உள்ளதான பாப்பாவ.”

“அதுக்கு வெளிய பாத்தாலே தேவல.”

சனிக்கிழமை காலை படங்கள் வரத் தொடங்கின. எங்கள் ஜனம் எதையும் வாங்கினபடியே திருப்பிக் கொடுக்காது. ஒருவர், கறுப்பாக இருக்கிறதே என்று வெளுப்பாக்கியிருந்தார். இன்னொருவர் புறாவும் வசனமும் வைத்து, கீழே தம் குடும்பத்தின் பெயரையும் போட்டிருந்தார். “ஓரத்துல என்னமோ இங்கிலீஷ் எழுத்து அசிங்கமா கெடந்து, வெட்டிட்டேன்” என்றார் ஒருவர். அது வலது காலா இடது காலா என்று சொல்லும் எழுத்து. ஒரு வீட்டிலிருந்து பேத்தியின் பிறந்தநாள் கேக் வந்தது. அதற்கும் பன்னிரண்டு பேர் ஆமென் போட்டிருந்தார்கள். வந்ததையெல்லாம் டாக்டருக்குத் தள்ளிவிட்டேன்.

இரண்டு மணிக்கு அவர் கூப்பிட்டார். “மாமா, ஆரு ஜவ்வுமேல லில்லிப்பூ வச்சது?”

தொண்ணூற்று நான்காம் படம். கிழிசல் முழுசா பாதியா என்பது அதில்தான் தெரியுமாம். பூ சரியாக அந்த இடத்தில் பூத்திருந்தது. வைத்தவர் எங்கள் பாடகர் குழுத் தலைவி.

“அக்கா, பூ இல்லாம ஒண்ணு அனுப்புவியளா?” என்றேன்.

“எதுக்கு? எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாவளே!”

“டாக்டருக்குத் தெரியல்ல.”

“பழசு இல்லியே. என் அஞ்சும் தீந்துபோச்சு.”

மற்ற வீடுகளிலும் கேட்டேன். தப்பாக ஏற்றியதையும் அந்தப் பக்கம் கணக்கில் எடுத்துக்கொண்டதால் பிள்ளைகளின் போன்கள்கூடத் தீர்ந்திருந்தன. மிச்சம் ஒரே வீடு.

அவர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“வாரும். எலெக்‌ஷனுக்கு இன்னும் காலம் கெடக்கே, ஓய்!”

“ஓட்டுக்கு வரல்ல. ஒம்ம போன் வேணும்.”

“குரூப்புல பாத்தேன். எல்லா வீட்டையும் எழுதியிருந்தீரு. நம்ம மட்டும் சபையில இல்லியான்னு என் வீட்டுக்காரி அழுதா, தெரியுமா?”

அவரே போனை எடுத்தார்.

“இப்ப என்ன செய்யணும்?”

“படத்த மாத்தணும். நாலாவது பச்சையத் தொடணும். அதுக்குமேல ஒண்ணும் செய்யக்கூடாது.”

“ஒண்ணும் செய்யாம இருக்கது எனக்கு நல்லா வரும். கமிட்டியில அதத்தான செய்யுதேன்.”

படம் மூன்று நிமிஷத்தில் போனது. நான்கு மணிக்குப் பதில் வந்தது. “பாதிக் கிழிசல்தான் மாமா. கத்தி வேண்டாம். பெல்ட் போட்டு ஆறு வாரம் பயிற்சி செஞ்சா போதும். அந்த டாக்டர்ட்ட நான் பேசுதேன்.” ஆஸ்பத்திரிக்குக் கட்டிவைத்த பையிலிருந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டே என் மனைவி அழுதாள்.

மறுநாள் ஆராதனையில் சாட்சி நேரம். பாடகர் குழுத் தலைவி எழுந்து, தாம் பூ வைத்த இடத்தில் ஜவ்வு சேர்ந்துகொண்டது என்றார். வெளுப்பாக்கியவர் இருள் நீங்கியது என்றார். அடுத்த வாரம் கீரிப்பாறை எஸ்டேட் பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம், ஒரு சகோதரிக்கு வெட்டி எடுத்த கால் வளர்ந்ததென்று. அந்த ஆராதனையில் நானும் எழுந்து நின்றேன். “சபையாரின் ஜெபத்துக்கு நன்றி” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். பின்வரிசையில், போன் தந்தவர் பாட்டுப்புஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தைப் புரட்டவேயில்லை.

என் மனைவி இப்போது முழங்கால் போட்டு ஜெபிக்கிறாள். கர்த்தருக்கே ஸ்தோத்திரம். ஆனால் அவர் அந்த நன்மையை யார் வீட்டு வாசல் வழியாக அனுப்பினார் என்று அன்று நான் சொல்லாமல் விட்டேன். வாசிக்கிற நீங்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்டவேண்டாம். பட்டியலில் அந்த வீட்டை விட்டவன் நான் என்பதை வெட்டிவிடவும் வேண்டாம்.