உச்சியிலிருந்து தெரிய வேண்டிய பச்சைச் சேலை

தாத்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதும் ராட்டினத்தில் சுற்றினார் என்றால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவரோடு கூடவே சுற்றியவள் நான். இன்றும் கண்ணை மூடினால் பெங்களூர் என் காலுக்குக் கீழே மெதுவாகச் சாய்ந்து, திரும்பவும் நிமிர்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை அது. அப்பா தங்கவயலில் சுரங்க வேலையில் இருந்தார். அம்மா பிரசவத்துக்காக எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் ஒக்கலிபுரத்தில் இருந்த தாத்தா வீட்டுக்கு, அதாவது தன் பிறந்த வீட்டுக்கு, வந்திருந்தாள். அதற்கு முந்தைய குழந்தை பிறந்த வாரமே போய்விட்டது. அம்மாவே அப்போது செத்துப் பிழைத்தவள். இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரியில்தான் என்று தாத்தா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

தாத்தா ரயில்வேயில் இருந்தவர். பொழுது சாய்ந்ததும் சிக்னல் கம்பங்களில் ஏறி விளக்கு வைப்பது அவர் வேலை. பல வருஷம் அதைச் செய்து ஓய்வு பெற்றபோது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. பேச்சு குறைவு. கோபம் வந்தால் அதுவும் கிடையாது, மூக்கால் ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். பாட்டி இல்லாத வீட்டில் அம்மாவையும் சித்தியையும் அந்தப் பெருமூச்சிலேயே வளர்த்தவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. பிரசவ வார்டுக்குள் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அனுமதி கிடையாது. சித்தி மட்டும் உள்ளே போனாள். கேட்டுக்கு வெளியே நின்றால் தம்பி அழுது ஊரைக் கூட்டுவான். ஆஸ்பத்திரிக்கு எதிர் மைதானத்தில் எக்ஸிபிஷன் போட்டிருந்தார்கள். தாத்தா அதைப் பார்த்தார், ஆஸ்பத்திரி மாடி வராந்தாவைப் பார்த்தார், பிறகு சித்தியிடம் சொன்னார்.

"நல்லபடியா முடிஞ்சா உன் பச்சைச் சேலைய மாடிக் கம்பியில தொங்கவிடு. ராட்டினத்து மேல இருந்து பாத்தா தெரியும். பச்சைன்னா லைன் கிளியர்."

"பச்சை இல்லன்னா என்னப்பா?" என்று சித்தி கேட்டாள்.

தாத்தா எங்கள் பக்கம் திரும்பி, "வாங்க" என்றார்.

தங்கவயல் பிள்ளைகளுக்கு எக்ஸிபிஷன் என்றால் சும்மாவா? கண்ணாடி அறையில் அண்ணன் குட்டையாகிப் போனான், நான் தென்னை மரமாக நீண்டேன். மரக் கிணற்றின் உள்சுவரில் ஒருவன் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினான். பலகையெல்லாம் அதிர்ந்தது, என் பல்லும் அதிர்ந்தது. காகிதப் பொட்டலத்தில் சுருமுரி வாங்கித் தின்றோம். பொரியில் வெங்காயமும் மிளகாயும் தேங்காய் எண்ணெயும் போட்டுக் கலந்து கொடுப்பார்கள், அந்தக் காரம் இப்போதும் நாக்கில் இருக்கிறது. தாத்தா எதையும் வாயில் வைக்கவில்லை. மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாராம். வெயில் சாய்ந்து ராட்டினம் ஓட ஆரம்பித்ததும் தாத்தா எங்களை அங்கே கூட்டிப் போனார்.

தொட்டிலில் தம்பியை மடியில் இறுக்கிக்கொண்டு தாத்தா ஒரு பக்கம், நானும் அண்ணனும் எதிர்ப்பக்கம், ஆஸ்பத்திரியைப் பார்த்தபடி. "என் கண்ணுக்கு அவ்வளவு தூரம் எட்டாது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றார். அம்மாவுக்காகத்தான் பார்க்கிறோம் என்று எனக்குத் தெரியும். ஆனால் தொட்டில் தரையை விட்டதுமே நான் வேறு ஒரு பெண்ணாகிவிட்டேன்.

முதலில் கூடாரங்களின் கூரை கீழே போயிற்று. பிறகு மரங்களின் தலை. அதன் பிறகு சத்தங்களே கீழே போய்விட்டன. உச்சியில் ஒரு நிமிஷம் நிற்கும், கீழே ஆள் ஏறுவதற்காக. அங்கே காற்று மட்டும்தான். தண்டவாளங்கள் சேர்ந்தும் பிரிந்தும் ஸ்டேஷனுக்குள் போயின. எங்கோ ஒரு ஏரி வெள்ளித் தட்டாகப் பளபளத்தது. "ஏரி தெரியுது தாத்தா" என்று கத்தினேன். யார் வீட்டு மொட்டை மாடியிலோ ஒருத்தி தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. நான் தூங்காமலே கனவு கண்டேன், அதைச் சொல்ல வேறு வார்த்தை எனக்குக் கிடைத்ததில்லை.

"தெரியுதா?"

"இன்னும் இல்ல தாத்தா."

இறங்கும் இடம் வந்ததும் தாத்தா மறுபடி சீட்டு வாங்கினார். திரும்பவும் ஏறினோம். திரும்பவும் கேட்டார். திரும்பவும் இல்லை. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம், தாத்தாவுக்குத் திண்டாட்டம். ராட்டினக்காரர் கன்னடம் கலந்த தமிழில், "ஏனு தாத்தா, மறுபடியுமா? தலை சுத்தலயா?" என்று கேட்டுச் சிரித்தார். தாத்தா மூக்கால் பெருமூச்சு விட்டார்.

எத்தனை முறை ஏறினோம் என்று தெரியாது. தம்பி மடியிலேயே தூங்கிவிட்டான். வெயில் மஞ்சளாகி, மாடி வராந்தாவின் கம்பிகள் கறுத்து நின்றன. வெறும் கம்பிகள்.  அண்ணன் தாத்தாவின் கையைப் பார்ப்பதைக் கண்டு நானும் பார்த்தேன். எத்தனையோ கம்பங்களில் ஏறிய கை, விழுந்துவிடப் போகிறவர் போலத் தொட்டிலின் இரும்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன், சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு நான் ஏரியையும் பார்க்கவில்லை, மொட்டை மாடியையும் பார்க்கவில்லை.

"தெரியுதா?" என்று அவர் கேட்பதும் நின்றுபோயிற்று. கேட்பதற்கே பயந்திருக்கிறார்.

மைதானத்தில் வண்ண பல்புகள் எரிய ஆரம்பித்த நேரம். நாங்கள் உச்சியில் நின்றோம். மாடியில் யாரோ வந்து கம்பிமேல் எதையோ உதறிப் போட்டார்கள். அது காற்றில் விரிந்தது.

"பச்சை" என்றேன்.  அண்ணன்தான் உரக்கச் சொன்னான். "பச்சை தாத்தா, பச்சைச் சேலை."

தாத்தா தம்பியின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கீழே வந்து சேரும்வரை நிமிரவில்லை.

ஆஸ்பத்திரி கேட்டுக்குச் சித்தி ஓடி வந்தாள். பெண் குழந்தையாம். அம்மா கண் விழித்துக் கஞ்சி குடித்தாளாம், எங்களைத்தான் கேட்டாளாம். தாத்தா, "எப்ப பொறந்துச்சு?" என்றார்.

"நாலரைக்கு."

"மணி ஆறு தாண்டிருச்சேம்மா."

"ஞாயித்துக்கிழமை நாலரையில இருந்து ஆறு வரைக்கும் ராகு காலம்ப்பா. பொறந்ததை நாம மாத்த முடியுமா? சொல்றதையாவது நல்ல நேரத்துல சொல்லலாம்னு சேலைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

தாத்தா எந்த நல்ல காரியத்தையும் ராகு காலத்தில் தொடங்காதவர். சித்திக்கு அதைப் பழக்கியவரும் அவரேதான். தன் வினை தன்னைச் சுடும் என்பார்களே, அதுதான் நடந்தது. அவர் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. சித்தி பயந்துபோய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் மாலை ராகு காலமெல்லாம் எப்போதோ கழிந்த பிறகு, தாத்தா எங்களைத் திரும்பவும் எக்ஸிபிஷனுக்குக் கூட்டிப் போனார். நேராக ராட்டினத்துக்குத்தான். இந்தத் தடவை அவரே ஒரு பொட்டலம் சுருமுரி வாங்கிக்கொண்டார். ராட்டினக்காரர் கும்பிட்டு வழிவிட்டார். உச்சியில் தொட்டில் நின்றது. தாத்தா புரை விழுந்த கண்களைச் சுருக்கிக்கொண்டு நாலா பக்கமும் பார்த்தார்.

"நேத்து நான் ஒண்ணுமே பாக்கலம்மா" என்றார். "ஏரி தெரியுதுன்னு சொன்னியே, எந்தப் பக்கம்?"

நான் அவர் விரலைப் பிடித்துக் காட்டினேன்.