காட்டுமாட்டுக்குப் போட்ட மொட்டை

வட்டவடையிலிருந்து மூணாறுக்குப் பதினைந்து வருடமாக ஜீப் ஓட்டுகிறேன். டீசல் ஒரு சொட்டு வீணானாலும் எனக்கு வயிறு எரியும். அதனால் இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலில் தள்ளி, பிரேக்கை மட்டும் நம்பி வண்டியை உருளவிடுவேன். நான் மட்டுமா? எங்கள் ஸ்டாண்டில் அத்தனை பேரும் அப்படித்தான். வண்டியை இன்ஜினே பிடித்துக்கொள்ளட்டும் என்று செகண்ட் கியரில் இறக்குகிறவனை, "நேத்துத்தான் லைசென்ஸ் எடுத்தியா?" என்று கேட்டே சாகடிப்போம்.

போன மழைக்காலம் முடிந்த சமயம், கேரட் மூட்டைகளோடு தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். டாப் ஸ்டேஷன் தாண்டிய இறக்கம். வழக்கம்போல நியூட்ரல். பாதி வழியில் ஏதோ தீய்ந்த நாற்றம். எந்த மடையன் வண்டியோ என்று நினைத்தேன். என் வண்டிதான். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால், சேற்றில் கால் வைத்ததுபோல் அடிவரை இறங்கியது. இடதுபக்கம் பள்ளம். ஐயோ போச்சே என்று அலறிக்கொண்டே வலதுபக்க மண்திட்டில் கொண்டுபோய் இடித்தேன். வண்டி நின்றது. கேரட் நிற்கவில்லை, அது பாட்டுக்கு மூணாறை நோக்கி உருண்டது.

பின்னால் வந்த வண்டிக்காரர்கள் ஓடிவந்தார்கள். "என்னண்ணே ஆச்சு?"

பதினைந்து வருட அனுபவசாலி என்னத்தைச் சொல்வது? "காட்டுமாடு குறுக்க வந்துருச்சுப்பா" என்றேன்.

வீட்டில் மனைவி அழுது தீர்த்தாள். உயிர் பிழைத்ததற்காக மாரியம்மனுக்கு முடி நேர்ந்துகொண்டாள். அவள் முடியை இல்லை, என் முடியை. இல்லாத மாட்டுக்காக இருந்த நாலு முடியையும் கொடுத்துவிட்டு, அந்தக் குளிரில் குல்லாயோடு அலைந்தேன். ஸ்டாண்டில் எனக்கு ஒரே மரியாதை. மாடு எவ்வளவு பெரிசு என்று கேட்கக் கேட்க அதுவும் வளர்ந்து, கடைசியில் ஜீப்பைவிட ஒரு சாண் உயரமாகிவிட்டது.

ஒரு மாதம் போயிருக்கும். அன்று காலை என் ஜீப் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. மூணாறில் மகளுக்குச் செருப்பு வாங்க, ஸ்டாண்டில் நின்ற தன் தம்பியின் ஜீப்பில் மனைவி ஏறியிருந்தாள். முன்சீட்டில் மகள். பின்னால் எட்டுப் பேர்.

"பாத்துப் போ மாப்ள."

"கவலைய விடுங்க மாமா. உங்க மாட்டுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாச்சு. இன்ஜின் சத்தத்துலதான மாடு மிரளுது? இப்ப நாங்க எல்லாரும் இறக்கத்துல இன்ஜினையே ஆஃப் பண்ணிர்றோம். பூனை மாதிரி போயிரலாம்."

இன்ஜின் ஆஃப் என்றால் மறுபடி பிரேக் ஒன்றுதான் கதி. மகள் கண்ணாடி வழியாக டாட்டா காட்டினாள். அவன் வண்டியைக் கிளப்பினான். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"நிறுத்துடா! மாடு வரலடா. மாடே இல்லை! நியூட்ரல்ல விட்டேன், பிரேக் சூடாகிப் பிடிக்கல. பொய் சொன்னேன், போதுமா?"

டீக்கடையில் ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். மானம் கப்பலேறியது. மச்சினன் மட்டும் சிரிக்காமல் குனிந்து தன் பிரேக்கைப் பார்த்தான்.

மனைவி இறங்கி வந்தாள். என் குல்லாயை உருவி மொட்டையைப் பார்த்தாள்.

"அம்மனையே ஏமாத்திட்டீங்களே."

"நீதான நேர்ந்துக்கிட்ட?"

"அப்ப மாடு வராமலே செத்திருப்பீங்க. டீசலுக்காக." குரல் உடைந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், இறக்கம் பூரா செகண்ட் கியரு. மாத்துனன்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு எறங்கி நடந்துருவேன்."

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிரே வரும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டு ஸ்டாண்டிலேயே கிடந்தேன். போன் செய்யலாமென்றால் அவர்கள் போன சாலையில் டவர் கிடையாது. சாயங்காலம் ஜீப் வந்தது. மகள் புதுச் செருப்போடு குதித்து இறங்கினாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"ஒரே போர்ப்பா. மாமா மாட்டுவண்டி மாதிரி ஓட்டுறாரு."

நான் அவளைத் தூக்கிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன்.