ஓதம் பாடத்துக்கு இரண்டு குரல்கள்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் என்றால் நான்தான். ஆதார் திருத்தமோ ரயில் டிக்கெட்டோ, எதுவானாலும் "அண்ணியக் கேளு" என்பார்கள். காரைக்காலில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். படமும் குரலும் அசைவும் சேர்ந்த பாடங்களைத் தயாரிக்கும் வேலை பள்ளி வழியாக வந்தபோது, யாரும் கேட்பதற்கு முன்பே தலையாட்டிவிட்டேன். எனக்கு வரைய மட்டும் வராது. பூவத்தில் இருக்கும் என் ஓரகத்தி, கணவரின் தம்பி மனைவி, அழகாக வரைவாள். நான்தான் அவளைச் சேர்த்துவிட்டேன்.

அந்த மென்பொருள் எனக்கும் புதிது. பாடம் யாருடைய கம்ப்யூட்டரிலும் இருக்காது. எங்கோ ஒரு சர்வரில் இருக்கும். நான் காரைக்காலிலும் அவள் பூவத்திலும் புதுச்சேரியில் இருக்கும் ஒருங்கிணைப்பாளர் அம்மா அங்கேயுமாக, ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் திறந்து வேலை செய்யலாம். ஆளுக்கொரு நிறத்தில் அம்புக்குறி. எனக்கு நீலம், அவளுக்கு ஆரஞ்சு.

முதல் நாளே சிக்கிக்கொண்டேன். அலை எழும்பும் முன்பே என் குரல் பேசி முடித்துவிட்டது. உதவிக் குறிப்புகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, திரையில் ஆரஞ்சு அம்பு வந்து என் ஒலிப்பட்டையை மெல்ல வலப்பக்கம் இழுத்துப் போனது. அலையும் குரலும் பொருந்திவிட்டன. உடனே போன்.

"அக்கா, லேசாத் தள்ளி வச்சேன். சரியா இருக்காங்க்கா?"

"நானும் அதத்தான் பண்ண இருந்தேன்" என்றேன்.

அவள் பி.ஏ. தமிழ். நான் எம்.எஸ்ஸி. இதை அன்று நானே எனக்கு இரண்டு மூன்று முறை சொல்லிக்கொண்டேன்.

ஒரே வாரத்தில் மீனை நீந்த விடவும், தொட்டால் நிலா நகரும்படி செய்யவும் கற்றுக்கொண்டாள். கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரைக்குப் போய்ப் படகுகள் கரையேறுவதை போனில் பிடித்துவந்து, கடல் ஏறி இறங்கும் ஓதத்தைப் பற்றிய என் பாடத்தில் சேர்த்தாள். காணொளிச் சந்திப்பில் ஒருங்கிணைப்பாளர், "பூவம் மேடம் கலக்குறாங்க" என்றார். நான் ஒலியை அணைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த சந்திப்பில்தான் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து அது வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க குரல்ல பாடம் நடத்துற மாதிரி இருக்கு. பூவம் மேடத்தையும் ஒரு தடவை பேசச் சொல்லிப் பாக்கலாமா?"

"தாராளமா" என்றேன். அன்று ரசத்தில் உப்புப் போட மறந்தேன். கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்; அதற்கும் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடமிருந்து அழைப்பு.

"அக்கா, என் ஆடியோவப் போட்டேன், உங்களுது போயிடுச்சு. எங்க தேடியும் காணும். வேணும்னே பண்ணலங்க்கா."

வேண்டுமென்றேதான் செய்தாள் என்று நினைக்க எனக்கு வசதியாக இருந்தது. ஸ்கூட்டரை எடுத்தேன். கோட்டுச்சேரி தாண்டும்வரை என்னவெல்லாம் கேட்பது என்று வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போனேன்.

வாசலுக்கு வந்தவளின் கண்கள் சிவந்திருந்தன. அறையில் துணி பீரோவின் கதவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவில் போனைச் செருகிவைத்திருந்தாள். மெயின் ரோட்டுப் பஸ் ஹாரன் கேட்காமல் இருக்க, அதற்குள் தலையை விட்டுப் பேசிப் பதிவுசெய்திருக்கிறாள். சேர்த்து வைத்த கேள்விகளை விட்டுவிட்டு, அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

பழைய வடிவங்களையும் சர்வர் வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். முந்தைய நாளின் பக்கத்தைத் திறந்ததும் என் குரல் திரும்பி வந்தது. "அப்பாடா! நீங்க இல்லன்னா நான் செத்தேங்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு இனித்தது என்று சொன்னால் வெட்கம்.

இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினேன். "நிலவின் ஈர்ப்பு விசையால் கடல்நீர் மட்டம் உயர்வதே உயர் ஓதம்" என்றது என் குரல். அவள் குரல், "காலையில நீங்க மணல்ல நடந்த எடத்துல இப்ப கணுக்கால் வரைக்கும் தண்ணி. யாரு கொண்டாந்து ஊத்துனா?" என்று கேட்டது.

வயலிலிருந்து அப்போதுதான் வந்த கொழுந்தனார் வாசலில் கால் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தார். "மொதல்ல பேசுனது யாரு, ரேடியோ நியூஸா?"

ஓரகத்தி விறைத்துப்போய் நின்றாள். "நான்தான் தம்பி" என்றேன். மனிதர் ஒரு காலோடு கழுவுவதை நிறுத்திவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அவள் குரலையே வைத்து, என் கையாலேயே பக்கத்தைச் சேமித்தேன்.

"அக்கா, உங்களுதே இருக்கட்டுமே."

"பேசாம இரு. இதுதான் நல்லாருக்கு."

சொல்லிவிட்டேனே தவிர, வீடு வந்து சேரும்வரை நெஞ்சில் எரிச்சல் அப்படியே இருந்தது.

போன வாரம் ஏழாம் வகுப்பில் அந்தப் பாடத்தைத் திரையில் போட்டேன். என் வகுப்பில் எப்போதும் பின்வரிசையில் ஒரு சலசலப்பு இருக்கும், அன்று இல்லை. முடிந்ததும் ஒரு பெண், "மிஸ், இன்னொரு தடவ போடுங்க மிஸ்" என்றாள். போட்டேன். நான் சொன்ன எதையும் அந்தப் பிள்ளைகள் ஒருநாளும் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

மாலையில் அவள் போன் செய்தாள். "பசங்க என்ன சொன்னாங்கக்கா?"

"நல்லாருந்துச்சுன்னாங்க" என்று வைத்துவிட்டேன்.

அடுப்பில் பால் பொங்கும்வரை அங்கேயே நின்றேன். பிறகு நானே கூப்பிட்டு, "ரெண்டாவது தடவையும் போடச் சொன்னாங்க" என்றேன். "கேக்குதா?" என்று கேட்டேன்.

"கேக்குதுக்கா" என்றாள்.