டால்பின் வராத நாளும் திமிங்கிலம் வந்த நாளும்

கடலில் ஆள் ஏற்றிப் போகும் தொழிலில் படகு ஓட்டுவது சுலபம். வராத டால்பினுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். லேட்டாக வந்த பஸ்ஸுக்குத் திட்டு வாங்கும் கண்டக்டர், கரண்ட் போனால் போனை எடுக்கப் பயப்படும் லைன்மேன், கல்யாணப் பந்தியில் ‘பாயசம் எங்கே’ என்ற கேள்விக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர், இப்படி யாராவது இதைப் படித்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

எனக்குப் பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்து மீனவக் கிராமம். இருபத்தெட்டு அடி ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. வார நாளில் மீன் பிடிப்போம். சனி, ஞாயிறு டால்பின் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போவோம். டால்பினை எங்கள் பக்கத்தில் ஓங்கல் என்போம். இன்ஜினைப் பார்த்துக்கொள்வது என் மனைவியின் தம்பி தனசேகர்.

முதலாளி குனிந்திருந்தார்

காட்டுமன்னார்கோயிலிலிருந்து ரைஸ் மில் முதலாளி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். படகில் ஏறும்போதே, “டால்பின் எத்தனை மணிக்கு வரும்?” என்று கேட்டார். “அதுங்களுக்கு டைம்டேபிள் கிடையாதுங்க” என்றேன். நம்பவில்லை. வாட்சைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக ஒன்றரை மணி நேரம் போனது. வரும் வழியில் சிதம்பரத்தில் வடையும் பொங்கலும் ஒரு கை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அலை அதைக் கலக்க ஆரம்பித்தது. மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டு இடது பக்க விளிம்பைக் கெட்டியாகப் பிடித்தார்.

அவர் குனிந்ததும் வலது பக்கத்தில் ஏழெட்டு ஓங்கல்கள் எழும்பின. பிள்ளைகள் கத்துகிறார்கள், அவர் மனைவி கை தட்டுகிறார், ஒன்று படகுக்குப் பக்கத்திலேயே துள்ளிப் புரள்கிறது. முதலாளியால் தலையைத் தூக்க முடியவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, என் பக்கமாக ஆட்டியபடியே சொன்னார்: “அதுங்களை ஒரு அஞ்சு நிமிஷம் நிக்கச் சொல்லுப்பா, முடிச்சுட்டு வந்துடறேன்!”

ஹாலுக்கு ஒரு படம்

காடாம்புலியூர் மாப்பிள்ளை, கடலூர் பெண். கல்யாணமாகி ஒரு வாரம். படம் எடுக்கிறவர் என்னிடம் ஒரு ஸ்கெட்சே போட்டுக் காட்டினார்: மாப்பிள்ளை கையை விரித்து நிற்க வேண்டும், பெண் அவர் தோளில் சாய வேண்டும், பின்னால் ஓங்கல் வில் மாதிரி வளைய வேண்டும். “ஓங்கல்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று தனசேகர் கேட்டான். அவனை முறைத்து உட்கார வைத்தேன்.

மாப்பிள்ளை முந்திரிக் கொல்லையில் வளர்ந்தவர். கடலைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் பெண்ணுக்கு முன்னால் விட்டுக்கொடுக்காமல், “நான் இருக்கேன்ல, பயப்படாதே” என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பார். கையை விரித்து நின்ற நேரத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய ஓங்கல் ஒன்று ‘புஸ்’ என்று மூச்சு விட்டுக்கொண்டு எழுந்தது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி ஆளைக் காணோம். பலகைக்கு அடியில் எங்கள் ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கொண்டிருந்தார். கேமரா அத்தனையும் எடுத்துவிட்டது: நடுவானில் ஓங்கல், வாய் கொள்ளாத சிரிப்போடு பெண், கீழே மாப்பிள்ளையின் இரண்டு ஷூ. அதை அழிக்கச் சொல்லி மாப்பிள்ளை கெஞ்சினார். பெண் கேமராவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “இதைத்தான் பெருசா ஃபிரேம் போட்டு உங்க வீட்டு ஹால்ல மாட்டப் போறேன்.”

விசா

பரங்கிப்பேட்டை பாய் ஒருவர், துபாயில் வேலை பார்ப்பவர், லீவு முடிய நாலு நாள் இருக்கும்போது தன் உம்மாவைக் கூட்டி வந்தார். அந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். பிறந்ததிலிருந்து கடலோரத்தில் இருந்தும் படகில் ஏறியதில்லையாம். மகன் பயந்தார்; அவர் பயப்படவில்லை. லைஃப் ஜாக்கெட்டைத் துப்பட்டிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, முன்னால்தான் உட்காருவேன் என்று உட்கார்ந்தார். மகன் வழி முழுக்க, துபாயில் டால்பின் பந்து விளையாடும், வளையத்துக்குள் பாயும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்றைக்கு வந்தது இரண்டே இரண்டு. ஒரு தாய், ஒட்டினாற்போல் ஒரு குட்டி. தாய் மூச்சு விட எழுந்தால் குட்டியும் எழும். தாய் முங்கினால் குட்டியும் முங்கும். இன்ஜினை அணைத்துவிட்டோம். “மாஷா அல்லாஹ்” என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். மகன் பந்துக் கதையை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, மகன் பக்கம் திரும்பாமலேயே அவர் சொன்னார்: “இதுங்களுக்கு விசா கெடைக்கல போலிருக்கு, அதான் உம்மாவும் புள்ளையும் ஒண்ணா இருக்குதுங்க.”

எச்சில் மீன்

நாங்கள் வலை போடும் நாட்களில் ஓங்கல்களுக்கு எங்களிடம் வேறு உறவு. ஒரு புதன்கிழமை விடிந்து வலையை இழுத்தால் நல்ல கனம். தனசேகருக்கு வாயெல்லாம் பல். மேலே வந்ததைப் பார்த்தால் வரிசையாக மீன் தலைகள். கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. அளவெடுத்து வெட்டினாற்போல் சாப்பிட்டுவிட்டு, தலையை மட்டும் வலையிலேயே விட்டிருந்தன. கொஞ்ச தூரத்தில் நாலு ஓங்கல்கள் வயிறு நிறைந்த நிம்மதியோடு போய்க்கொண்டிருந்தன. தனசேகர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

கரையில் என் மனைவி கூடையோடு நின்றாள். கூடையில் கொட்டியதைக் கிளறிப் பார்த்தாள். எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “சனிக்கெழம அதுங்களைக் காட்டி ஊரைக் கூப்புடுறீங்க. புதன்கெழம அதுங்க சாப்ட்ட எச்சிலை நான் சந்தைக்குத் தூக்கணுமா?”

ஆதாரம்

கடைசியாகச் சொல்வது சிரிக்கிற விஷயமாக ஆரம்பிக்கவில்லை. கடல் உயிரினங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி, பெயர் மதுமிதா, எங்கள் படகில் வாரா வாரம் வருவாள். இந்தப் பக்கம் திமிங்கிலம் வருகிறது என்று பழைய மீனவர்களிடம் கேட்டு எழுதியிருந்தாள். “கேட்டதெல்லாம் எழுதக் கூடாது, பார்த்ததை எழுது” என்று அவளுடைய வாத்தியார் சொல்லிவிட்டார். பதினோரு தடவை போனோம். தண்ணீரைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை. பன்னிரண்டாவது தடவை அவளே, “இதோட விட்டுடலாம்ணே, தலைப்பை மாத்திக்கறேன்” என்றாள். அழுதிருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது.

கரை மறைந்து வெகு நேரம் ஆகியிருந்தது. காற்றே இல்லை. தண்ணீரின் நிறம் படகுக்கு அடியில் மட்டும் கறுத்தது. மேகம் என்று அண்ணாந்து பார்த்தேன், மேகம் இல்லை. “இன்ஜினை அணைடா” என்று கத்தினேன். கறுப்பு எங்களுக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது, முடியவே இல்லை. எங்கள் படகைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும். வாலைக் கொஞ்சம் தூக்கினால் மூன்று பேரும் தண்ணீரில்தான். தனசேகர் கண்ணை மூடி, “அங்காளம்மா, எங்களைக் கரை சேத்துடு, எங்க மாமாவுக்கு மொட்டை போடுறேன்” என்று உரக்க வேண்டிக்கொண்டான். அந்த நேரத்திலும், ‘அவன் தலை எங்கே போச்சு?’ என்று எனக்குத் தோன்றியது.

கை எட்டும் தூரத்தில் அது எழுந்தது. கறுத்த முதுகு பளபளவென்று உருண்டு வந்தது. பிறகு ஒரு மூச்சு. ஆவியும் தண்ணீருமாக எங்கள் மேல் மழை போலக் கொட்டியது. அப்படி ஒரு நாற்றத்தை நான் கருவாட்டுக் கொட்டகையில்கூட முகர்ந்ததில்லை. மதுமிதா கேமராவைத் தூக்கி அமுக்கிக்கொண்டே இருந்தாள். திமிங்கிலம் நிதானமாக முங்கிப் போனது. படகு ஒரு தடவை ஆடி நின்றது.

அப்புறம்தான் பார்த்தாள், கேமராவின் மூடியைக் கழற்றவே இல்லை. அழுவாள் என்று நினைத்தேன். அவளோ படகின் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. சிக்னல் வந்ததும் வாத்தியாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். விவரம் கேட்டுவிட்டு அவர், “எல்லாம் சரிம்மா, ஆதாரம் எங்கே?” என்றார். நனைந்த சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மதுமிதா சொன்னாள்: “என் சட்டையிலதான் சார் இருக்கு, நேர்ல வந்து மோந்து பாருங்க!”

(மொட்டை எனக்குத்தான் போட்டார்கள். தனசேகரின் அக்கா தீர்ப்பு.)

இத்தனை வருஷத்தில் திமிங்கிலமோ ஓங்கலோ என் படகைக் கவிழ்க்கப் பார்த்ததில்லை. கவிழ்க்கப் பார்த்ததெல்லாம், அதுங்களைக் கண்டதும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஒரே பக்கமாக ஓடிவந்த நம்ம ஜனங்கள்தான்.