பெண் பார்க்க வந்தவர்கள் எனக்கு எடுத்த விமானப் பாடம்

என்னைப் பெண் பார்க்க வந்து போனவர்களில் யாரும் பெரிய அறிவாளிகள் இல்லை. ஆனால் போன தை மாதம் பசுமலையில் எங்கள் வீட்டுச் சோபாவை அடைத்துக்கொண்ட கூட்டம் தனி ரகம். சிம்மக்கல்லில் மொத்த வியாபாரம் செய்யும் மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் தலைமை. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலைக்காரர். செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, விமானியான எனக்கே வகுப்பெடுத்தார்.

"இப்பல்லாம் ஆட்டோமேட்டிக்தானே? வேகத்தைக் கூட்டுறது, இறக்கையை விரிக்கிறது, எல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும்."

"வேகத்தைப் பாத்துக்கும். இறக்கைக்கு ஆள் வேணும்," என்றேன்.

கேசரியை விழுங்கியபடி சிரித்தார். வந்த எரிச்சலில் விளக்கமாகவே சொன்னேன். இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைப்பதைப் பெரும்பாலும் கணினி செய்துவிடும். ஆனால் தரையிறங்க வேகம் குறையும்போது, இறக்கையின் பின்னால் ஃப்ளாப்பும் முன்னால் ஸ்லாட்டும் வெளியே வராவிட்டால், இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது. நான் ஓட்டும் விமானத்தில் இரண்டுக்கும் ஒரே லீவர், கையால்தான் நகர்த்த வேண்டும். ஓட்டுகிறவர் கேட்பார், பக்கத்தில் இருப்பவர் வேகத்தைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டு நகர்த்துவார். வேகம் அதிகமென்றால், கேட்பது கேப்டனே ஆனாலும் நகர்த்தக் கூடாது. ஒருமுறை நானே மாட்டேன் என்றிருக்கிறேன். அவரும் பேசாமல் வேகத்தைக் குறைத்தார்.

"அம்புட்டுத்தானா? ஒரு கம்பிய இழுக்கவா இம்புட்டுப் படிப்பு? நம்ம ஆட்டோ கியர் காரு மாதிரின்னு சொல்லு தாயி," என்றார் தாய்மாமன்.

அந்தக் காரை எங்கள் வாசலில் நிறுத்துவதற்குள் மூன்று பேர் இறங்கி "வா, வா, ஒடி" என்று தெருவையே கூட்டியிருந்தார்கள்.

"கல்யாணத்துக்குப் பெறகு வேலையை விட்ரலாம்ல? நீ இல்லாட்டியும் அது ஓடத்தான போகுது," என்று தாய்மாமனே தொடர்ந்தார்.

"யாரு சொன்னா?"

"ஒங்கப்பாதான். எம்பொண்ணு சும்மா உக்காந்துதான் இருப்பா, பிளேன் தானா போகும்னு போன்லயே சொல்லீட்டாரே."

அவர்களை வெறுத்ததை விட அந்த நிமிடம் அப்பாவை அதிகம் வெறுத்தேன். ஒரு சம்பந்தத்துக்காக மகளின் வேலையை இவ்வளவு மட்டமாகவா பேசுவது? கார் தெருமுனை திரும்பியதும் கேட்டுவிட்டேன்.

அப்பா எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "அவுகளுக்காகச் சொல்லலம்மா. நீ பிளேன்ல ஏற ஆரம்பிச்சதுல இருந்து எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றேன். எனக்கே சொல்லிக்கிறேன். இல்லேன்னா சோறு எறங்க மாட்டேங்குது."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தாய்மாமனுக்குப் போன் போட்டார். "எம்பொண்ணு வேலையை விடாதுங்க. நீங்க வேற எடம் பாத்துக்கங்க." வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கேப்டன் கேட்டப்ப நீ மாட்டேன்னு சொன்னியே. சொல்லாம இழுத்திருந்தா என்னம்மா ஆயிருக்கும்?"

அந்த வேகத்தில் காற்று ஃப்ளாப்பையே சேதப்படுத்தியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஒண்ணும் ஆகியிருக்காதுப்பா. கம்ப்யூட்டர் விட்டிருக்காது," என்றேன்.