பாயேன்னு சொன்னாரு

பம்பாயில கார் பந்தயம் ஓட்டி, மொத ஓட்டத்துலயே கெலிச்ச திருநெல்வேலிக்காரன் நான் ஒருத்தன்தான்!

பொய்யி. கெலிக்கல. பாதி மைதானங்கூடத் தாண்டல. ஒரு மனுசன் காலை ஒடிச்சேன். அவரு வேலையில நான் ஏறி உக்காந்தேன். தப்பு அவருதுன்னு எல்லாரும் நம்புதாங்க... அவரும் நம்புதாரு. தப்பு என்னுது. எனக்கு மட்டுந்தான் தெரியும். இப்ப உங்களுக்கும்.

எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கிடுங்க. மூணாங்கிளாஸ்லயே வாத்தியாரும் நானும் ஒருத்தர ஒருத்தர் புடிக்காமப் பிரிஞ்சிட்டோம். சேட்டு உள்ள சாப்பிடுதாரு. நான் வண்டியில உக்காந்து பென்சிலால கிறுக்குதேன். கூப்பிட்டா ஓடணும்.

எம் பேரு சுடலை. பம்பாயில ட்ராம் வண்டிய நிறுத்துன வருசம் வந்தேன். தாராவியில எங்கூர்ப் பயலுவளோட ஒரே ரூமுல அடுக்கி வச்ச மாதிரி படுத்துக் கெடந்தேன். செம்பூர்ல ஒரு சேட்டு பங்களாவுல வண்டி கழுவுத வேலை கெடச்சுது.

அங்க டிரைவர் சிவ்சரண். வடக்கத்தி ஆளு. இங்க வடக்கத்தி ஆளுகள பையான்னு கூப்பிடுவாங்க. எங்கூர்ல பையான்னா அரைக்கால் டவுசர் போட்ட பய. இங்க நரைச்ச மீசைக்காரரும் பையா! மரியாதைக்கு ஒரு 'ஜி' சேத்து, நான் பையாஜின்னு கூப்பிட்டேன்.

அவருக்குத் தமிழ்ல வா, போ, தா, இட்லி தெரியும். தாராவிப் பயலுவ புண்ணியத்துல ரெண்டு கெட்ட வார்த்தையும் தெரியும். எனக்கு ஹிந்தியில 'அச்சா' தெரியும். சரின்னு அர்த்தம். அவரு என்ன சொன்னாலும் அச்சா. ஏசினாலும் அச்சா. அந்த ஒரு வார்த்தைய வச்சே பம்பாயில காலத்த ஓட்டிரலாம்னு நெனச்சேன்... ஓட்டத்தான் செஞ்சேன், பாவி!

ஒருநாள் நீ ஊருல என்ன செஞ்சேன்னு சைகையில கேட்டாரு. ரெண்டு கையையும் ஸ்டியரிங் மாதிரி வச்சு, வாயால புர்ர்ருன்னு சத்தம் போட்டு, பாபநாசம் மலைமேல லாரி ஏத்திக் காமிச்சேன். கொண்டை ஊசி வளைவுல ஒடம்பச் சாய்ச்சுக்கூடக் காமிச்சேன்.

"பஹாட் மே லாரி? தூ?" மலையில லாரியா, நீயான்னு அசந்துபோனாரு.

"அச்சா!"

நான் லாரியில உக்காந்தது நெசம். ஸ்டியரிங்கப் புடிச்சதும் நெசம். எஞ்சினக் கழட்டிப் போட்டிருந்தாங்க. பத்துப்பேரு பின்னால நின்னு தள்ளுனாங்க, ஷெட்டுக்குள்ள விட. அதான் என் மலைப்பாதை!

அந்தச் சமயத்துல சேட்டு மவன், சின்ன சேட்டு, ஒரு அமெரிக்கா வண்டி வாங்குனாரு. எட்டு சிலிண்டர். கியரு தானா மாறிக்கிடும். ஸ்டியரிங் எடது பக்கம். மூக்கு மட்டுமே எங்க தாராவி ரூமு நீளம். எஞ்சினப் போட்டா பக்கத்து பங்களா நாய் கொலைக்கத நிறுத்திரும். அத ஷெட்டுல இருந்து வாசலுக்கும் வாசல்ல இருந்து ஷெட்டுக்கும் நகத்துவேன், கழுவ. அவ்வளவுதான் நான் ஓட்டுன ஓட்டம்.

சின்ன சேட்டு அந்த வண்டிய ஒரு பந்தயத்துக்குக் குடுத்தாரு. ஆட்டோகிராஸாம். ஆடு குறுக்க வரும்போல, இடிக்காம ஓட்டணும்போலன்னுதான் நான் நெனச்சேன். சிரிக்காதிய. பொட்டல்ல சுண்ணாம்புக் கோடு போட்டு, தார் டிரம்ம வளைவுக்கு வளைவு வச்சிருப்பாங்க. ஒரு நேரத்துக்கு ஒரு வண்டி. வளைச்சு வளைச்சு யாரு சீக்கிரம் வாரானோ அவன் கெலிச்சான். டிரம்ம இடிச்சா நேரத்தக் கூட்டிருவாங்க. டிரைவர்மாருக்குன்னு தனியா ஒரு ஓட்டம். அதுல பையாஜி ஓட்டுததாப் பேச்சு.

பந்தயத்துக்கு முன்னால ரேடியேட்டர் மூடியத் தொறக்கப் போயி, கொதிக்கத் தண்ணி பையாஜி வலது கையில அடிச்சிட்டு. கையே ஒரு பெரிய கட்டு.

சின்ன சேட்டு என்ன சொன்னாரு தெரியுமா? ஆபீஸ் கிளார்க் ஒரு தமிழாளு, பக்கத்துல நின்னு எனக்கு மாத்திச் சொன்னாரு. முடியாதுன்னா இப்பவே சொல்லு, வேற டிரைவரப் பாக்கேன்னாரு. பந்தயத்துக்கு மட்டும் இல்ல... மொத்தத்துக்கும்! ஷெட்டுக்குப் பின்னால ஒத்த ரூமுல பையாஜியும் அவரு பொஞ்சாதியும் இருந்தாங்க. டிரைவர் வேலை போனா ரூமும் போச்சு. அந்தம்மா கதவு மறைவுல நின்னு கேட்டுகிட்டு இருந்துச்சு. நான் பாத்தேன்.

பையாஜி என்னையப் புடிச்சு முன்னால தள்ளுனாரு. இவன் மலையில லாரி ஓட்டுனவன், ஸ்டியரிங் இவன் புடிக்கட்டும், நான் பக்கத்துல உக்காந்து வழி சொல்லுதேன்னாரு. எல்லாரும் என்னப் பாத்தாங்க.

அப்பவாது சொல்லியிருக்கலாம்லா? எஞ்சின் இல்லாத லாரின்னு? கதவு மறைவுல அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுச்சு... எம் பொய்யப் பாத்து!

நான் என்ன சொன்னேன்? அச்சா.

ஞாயித்துக்கெழம காலையில, செம்பூர் தாண்டி உப்பளத்துப் பக்கம் ஒரு பொட்டல். கூட்டம்னா கூட்டம். பையாஜி என்னைய நடத்திக் கூட்டிட்டுப் போயி ஒவ்வொரு டிரம்மாக் காட்டி ஹிந்தியில வெளக்குனாரு. 'சம்ஜா?'ன்னு, புரிஞ்சுதான்னு கேப்பாரு. அச்சாம்பேன். ஒண்ணும் வெளங்கல. வெளங்கலன்னு சொல்ல வெக்கம்! மலைப்பாதை டிரைவரில்லா நான்!

சீட்டுல உக்காந்தா ரோடு தெரியல, மூக்குதான் தெரியுது. கோணிச் சாக்கச் சுருட்டி எம் பின்னால சொருவுனாரு. கொடி எறங்குச்சு. மிதிச்சேன்.

அம்மாடி! எம் வயிறு புறப்பட்ட எடத்துலயே நின்னுட்டு, நான் மட்டும் முன்னால போறேன்! வண்டியா அது? கயித்த அத்துகிட்ட காளை. ஸ்டியரிங் என்னையப் புடிச்சிருக்கா, நான் அதப் புடிச்சிருக்கனான்னே தெரியல.

மொத வளைவு. "தாயேன்! தாயேன்!"னு கத்துனாரு.

ஸ்டியரிங்கத் தாயேன்னு கேக்காரு! எனக்காவ தமிழ்ல பேசுதாரு! இந்தாங்கன்னு ரெண்டு கையையும் எடுத்துட்டேன். மனுசன் பதறிப்போயி எடது கைய நீட்டி ஸ்டியரிங்க ஒரே இழுப்பு... வண்டி பம்பரமாச் சுத்தி வலது பக்கம் போயிட்டு. ஒரு டிரம்முகூட உருளல. சனம் கைதட்டுது! பின்னாலயே சிரிப்புச் சத்தமும் கேட்டுது. ஓட்டத் தெரியாத பய, கெழவர்ல்லா ஓட்டுதாருன்னு சிரிக்க மாதிரி...

அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டுது.

அடுத்த வளைவுக்குள்ள எங்க புழுதியே எங்க மேல வந்து விழுந்துட்டு. கோடும் தெரியல, டிரம்மும் தெரியல. காதுல அவரு கொரலு மட்டும்.

"பாயேன்! பாயேன்!"

எங்கூர்ல கெணத்துக் கரையில குதிக்கப் பயந்து நிக்கவன, பின்னால நிக்கவன் சொல்லுவாம்லா... "பாயேம்ல! சும்மா பாயேன்!" அதே வார்த்தை. அதே ராகம்.

பாஞ்சேன். காலு தரையத் தொடுத மட்டும் மிதிச்சேன்.

"பாயேன்! அரே, பாயேன்!" மூணாந்தடவ அலறுனாரு. ஸ்டியரிங்குக்குக் கைய நீட்டுனாரு.

அந்தக் கைய நான் முழங்கை முட்டியால இடிச்சுத் தள்ளுனேன்.

ஆமா. தள்ளுனேன். இத எவங்கிட்டயும் சொன்னதில்ல. மறுபடியும் அவரு இழுத்தா ஊரு சிரிக்குமே, இந்த ஓட்டம் என்னுதா இருக்கட்டுமேன்னு... அந்த ஒரு நொடி! வார்த்த புரியாதது என் குத்தமில்லன்னு வைங்க. முட்டி யாருது? முட்டிக்கும் ஹிந்தி தெரியாதா?

டிரம்மு பறந்துச்சு. பொறவு உப்பளத்துக் கரை. வண்டி மூக்கக் கொண்டு போயி குத்திட்டு. அவரு பக்கம் அப்படியே நசுங்கிட்டு. எனக்கு? ஒதட்டக் கடிச்சுகிட்டேன். அவ்வளவுதான். கோணிச் சாக்குகூட கிழியல!

அவரத் தூக்கிட்டுப் போன பொறவு அந்த ஆபீஸ் கிளார்க், மாட்டுங்காவுல இருக்க சாமி, வந்தாரு. சின்ன சேட்டு பக்கத்துல நின்னாரு.

"ஏன்டா திரும்பல நீ?"

"அவருதான் சாமி பாயச் சொன்னாரு."

"வளைவுலயா? பாயவா சொன்னான்? நன்னா யோசிச்சுச் சொல்லுடா."

"சத்தியமா சாமி. மூணு தடவ சொன்னாரு."

அவரு அதச் சேட்டுக்கு ஹிந்தியில மாத்திச் சொன்னாரு. அப்ப அது பொய்யில்ல, கேட்டியளா! நம்பித்தான் சொன்னேன். முட்டிய மட்டும் சொல்லல. முட்டியப் பத்தி யாரும் கேக்கலியே...

சின்ன சேட்டு என்ன நெனச்சாரோ, சொன்னதச் செய்யுதவன் இவன், கெழவனுக்குத்தான் புத்தி பெசகிட்டுன்னாரு. மறுநாளே பையாஜியோட டிரைவர் தொப்பிய எந் தலையில வச்சிட்டாரு. லைசென்ஸ் எடுக்க ஏற்பாடு ஆச்சு. தொப்பி எனக்குப் பெருசு. காதுலதான் நிக்கும்.

அந்தத் தொப்பியோடவே சயான் ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனேன். பையாஜி கண்ண மூடிக் கெடந்தாரு. வார்டு ஆளு போர்வைய வெலக்கி, மாவுக்கட்டுப் போட்ட காலத் தட்டி, நர்ஸம்மாகிட்டச் சொன்னான்: "பாயேன் பைர்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. பைர்னா காலு. எது பாயுது? ஒடிஞ்ச காலு எங்க பாயும்? அவன் கையப் புடிச்சு, பாயேன்னா என்னன்னு சைகையில கேட்டேன்.

இது என்ன லூசுன்னு பாத்தான். எடது கையத் தூக்கி, "பாயேன்"ன்னான். வலது கையத் தூக்கி, "தாயேன்"ன்னான்.

எடது. வலது.

எடது பக்கம் திருப்புன்னு அந்த மனுசன் தொண்ட கிழியக் கத்தியிருக்காரு! நான் பாஞ்சிருக்கேன்!

தொப்பியக் கழட்டி முதுகுக்குப் பின்னால மறைச்சேன். அப்ப அவரு கண்ணத் தொறந்தாரு. ஹிந்தியும் சைகையுமாச் சொன்னாரு. கொடி எறங்குனது மட்டும் ஞாபகம் இருக்காம். பொறவு எல்லாம் இருட்டாம். சேட்டு வீட்டாளுக வந்து சொல்லித்தான், நீ பாயச் சொன்னியாம்லான்னு கேட்டுத்தான், அவருக்கே தெரிஞ்சிருக்கு. எங் கையப் புடிச்சாரு. அழுதாரு.

"மாஃப் கர் தே பேட்டா."

மன்னிச்சிரு மவனே, வயசாயிட்டு, நாக்கு பெரண்டுட்டு, உன்னையக் கொல்லப் பாத்தேனேன்னு... அவரு எங்கிட்ட மன்னிப்புக் கேக்காரு!

அப்பவாது சொல்லியிருக்கணும்லா? தொப்பி முதுகுக்குப் பின்னால இருக்கு. வாய் தொறந்துச்சு. என்ன வந்துச்சுன்னு நெனைக்கிய?

"அச்சா."

அதான் வந்துச்சு! மன்னிச்சிட்டேன்னு அர்த்தமாயிட்டு! கெழவரு எங் கையக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு...

இப்ப அவரு இதே பங்களா கேட்டுல வாட்ச்மேன். எடது கக்கத்துல கட்டை. கேட்டு ஓரம் தகரக் கொட்டாயில அவரும் அந்தம்மாவும். ஷெட்டுப் பின்னால அவங்க இருந்த ரூமு எனக்கு. செவுத்துக் கண்ணாடியில அந்தம்மா ஒட்டி வச்ச பொட்டு இன்னும் இருக்கு. பிய்க்கக் கை வரல. தலை சீவ நின்னா, அது கரெக்டா எந் நெத்தியில வந்து உக்காருது. சிரிங்க. நல்லாச் சிரிங்க. நானும் மொதல்ல சிரிச்சேன்.

இப்ப எனக்கு ஹிந்தி நல்லா வருது. அதான் கொடும. வராத காலத்துல சொல்லலன்னா ஒரு நாயம் உண்டு. இப்ப ஒவ்வொரு வார்த்தையும் தெரியும். பையாஜி, நீங்க சரியாத்தான் சொன்னியன்னு ஹிந்தியில சொல்ல எத்தன வார்த்த வேணும்? கண்ணாடி முன்னால நின்னு சொல்லிச் சொல்லிப் பாக்கேன். பொட்டுக்குத்தான் சொல்லுதேன்.

தெனமும் வண்டிய வெளிய எடுக்கும்போது அவருதான் வழி சொல்லுவாரு. வேண்டாம்னாலும் கேக்க மாட்டாரு. உன்னைய ஒருதடவ தப்பா அனுப்பிட்டேன், இனிமே சரியாச் சொல்லுவேன்ம்பாரு...

முடியல எனக்கு. நெசமாவே முடியல. சொன்னா இந்தச் சீட்டு போவும், ரூமு போவும், தாராவிக்கே திரும்பணும். போவட்டுமே! கெழவரு நாக்கு பெரளலன்னு அவருக்குத் தெரியணும்லா? இன்னைக்குச் சொல்லிருதேன். பாத்துகிட்டே இருங்க. வண்டிய எடுக்கதுக்கு முன்னால எறங்கி, நேரா அவருகிட்டப் போயி, தொப்பியக் கழட்டி, பையாஜி அன்னைக்கு நீங்க...

"சுடலை! சேட் ஆ கயே! காடி நிகால்!"

கூப்பிடுதாரு. சேட்டு வந்துட்டாரு, வண்டிய எடுக்கணுமாம். கேட்டு தொறந்தாச்சு. ஒத்தக் கால்ல நின்னுகிட்டு, கட்டையத் தூக்கி ரோட்டுல எடது பக்கம் காட்டுதாரு.

"பாயேன் பேட்டா, பாயேன்!"

அச்சா பையாஜி... வாரேன்.