ஞாயிற்றுக்கிழமை வாங்கிய ஒரே பொருள்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது சனிக்கிழமையே தொடங்கிவிடும். ஞாயிறன்று சோறு வடிப்பதோடு சரி, மற்ற எல்லாம் முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும். தேங்காய் துருவி, மீன்குழம்பு வைத்து, விறகு ஒடித்து அடுக்கி, பித்தான் அறுந்த உடுப்பைத் தைத்து முடித்துவிட்டுத்தான் அம்மா படுப்பாள். ஒருமுறை ஞாயிறு காலையில் என் பித்தான் தெறித்துவிட்டது. ஊக்கு குத்திக்கொண்டு ஓய்வுநாள் பள்ளிக்குப் போனேன். ஊசியை எடுத்தால் வேலை, ஊக்கு குத்தினால் வேலையில்லையாம். இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் வேதத்தில் என்பாள். ஊக்கு வேதத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது. அடிப்பதும் வேலைக் கணக்கில் வராது போலிருக்கிறது.

விலை கொடுத்து எதையும் வாங்கவும் கூடாது. பேருந்தில் ஏறினால் டிக்கெட் வாங்க வேண்டும், அதனால் பேருந்தும் கிடையாது. சனிக்கிழமை இருட்டினதும் மணிபர்ஸ் அலமாரிக்குள் போய்விடும். கோயிலுக்குக் கொண்டுபோகிற காணிக்கைக் கவர் மட்டும் வெளியே இருக்கும். உப்பு தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாற்றாக வாங்கலாம், அதற்குத் தடையில்லை. அந்த அக்கா அய்யாவழி. அவர்கள் தாங்கலுக்குக் கும்பிடக் கிளம்புகிற நேரத்தில் நான் கிண்ணத்தோடு போய் நிற்பேன். உங்க ஆண்டவருக்குச் சனிக்கிழமை உப்பு ஞாபகம் வராதா என்று கேலி செய்துகொண்டேதான் அள்ளித் தருவார்.

அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது நான் மூன்றாம் வகுப்பு. அடுத்த மாதமே அம்மா முந்திரி ஆலைக்குப் போனாள். எங்கள் கருங்கல் ஊர்ப்பக்கம் அதை அண்டியாபீஸ் என்போம். வறுத்த கொட்டையை உடைத்துப் பருப்பைச் சிதறாமல் எடுக்கும் வேலை. ஓட்டிலிருந்து வருகிற எண்ணெய் கையைப் பொத்துப்போகச் செய்யும், சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைக்க வேண்டும். விரல்கள் கறுத்துப்போகும், அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் அசையாது. கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருக்கிற அந்த விரல்களைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். அப்படி வெட்கப்பட்டதை நினைத்தால் இப்போது என்மீதே எரிச்சல் வருகிறது.

ஒரு வருடம் வேலை குவிந்துபோய், ஞாயிறும் வர வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். கூலி கூடுதல். எல்லோரும் போனார்கள், அம்மா போகவில்லை. திங்கட்கிழமை அவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகுத் துவையலும்தான். மூன்றாம் வாரம் மேஸ்திரியே ஆளனுப்பினார். முழுப் பருப்பாக எடுக்க அம்மாவைப்போல் ஆள் அங்கே இல்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு போனாள். எனக்கோ கிழங்கு வெறுத்துப்போய், ஆண்டவர் மேலும் அம்மா மேலும் சேர்த்தே கோபம்.

இந்த ஞாயிறு என் வாழ்க்கையிலும் வந்து குறுக்கே விழுந்தது. படித்து முடித்து அரசு வேலைக்கான தேர்வுக்கு விண்ணப்பித்தேன். தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அம்மா முடியாது என்றுவிட்டாள். நானும் அவள் பெற்ற பிள்ளைதானே, ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஆனால் தேர்வு போனது போனதுதான். அதற்குள் அவள் கைவிரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கியிருந்தன. காலையில் காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள். எனக்கு வேலை கிடைத்தால் ஒழிய அவள் ஆலையை விட்டு நிற்க வழியில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும், பேசிக்கொள்வதில்லை.

மறு வருடமும் தேர்வு ஞாயிறுதான். இந்தத் தடவை நான் நேராகப் போதகரிடம் போனேன். அவர் பொறுமையாக யோசித்து, வேலை செய்வதுதான் தப்பு, வேலை தேடுவது தப்பில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா ஒத்துக்கொண்டாள், நிபந்தனைகளோடு. பரீட்சை எழுதலாம், பஸ் ஏறக் கூடாது. எனவே சனிக்கிழமையே நாகர்கோவிலில் சித்தி வீட்டுக்குப் போய்த் தங்கி, காலையில் தேர்வு நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவது என்று முடிவாயிற்று. என்னை உள்ளே அனுப்பிவிட்டு அம்மா பக்கத்துத் தெருக் கோயிலில் ஆராதனைக்குப் போவாள்.

ஹால் டிக்கெட் வந்த நாளிலிருந்து அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்து, தினமும் ராத்திரி அதன்மேல் கையை வைத்து ஜெபித்தாள். எந்த விடையையும் மறந்துவிடக் கூடாது என்று நானும் பக்கத்தில் இருந்து ஆமென் சொன்னேன். ஞாயிறு காலையில் முக்கால் மணி நேரம் நடந்து, எட்டரைக்குப் பள்ளி வாசலை அடைந்தோம். ஒன்பது மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். அம்மா கையிலிருந்த வேதப்புத்தகத்தை நீட்டினாள். திறந்தேன். காய்ந்த குருத்தோலை ஒன்று இருந்தது, காணிக்கைக் கவர் இருந்தது, ஹால் டிக்கெட் இல்லை.

எங்கள் வீட்டில் வேதப்புத்தகம் இரண்டு. பெரியது வீட்டு ஜெபத்துக்கு, சின்னது கோயிலுக்கு. ஜெபித்தது பெரியதில், தூக்கிவந்தது சின்னதை. என் வாய் சும்மா இருக்கவில்லை, நீ ஜெபிக்காமல் இருந்திருந்தாலே நான் பாஸாகியிருப்பேன் என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன். எதிரே கணினிக் கடை ஒன்று திறந்திருந்தது. தேர்வு நாள் என்பதால் கடைக்காரருக்கு நல்ல வியாபாரம்.

என் விண்ணப்ப எண் எனக்கு மனப்பாடம். பார்த்துப் பார்த்து உருப்போட்டது அதைத்தான், பாடத்தைக்கூட அப்படிப் படிக்கவில்லை. கடைக்காரர் தட்டினார், ஹால் டிக்கெட் திரையில் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இரண்டு பேரிடமும் பணம் இல்லை. பர்ஸ் சித்தி வீட்டு அலமாரியில். போய்வர நேரம் கிடையாது. கையில் இருப்பது கவரில் உள்ள இருபது ரூபாய். அது ஆண்டவருடையது. ஒட்டி, மேலே ஜெபமும் செய்தாகிவிட்டது.

என் மூளை அம்மாவின் சட்டத்துக்குள்ளேயே ஒரு சந்து கண்டுபிடித்தது. கைமாற்றாக வாங்கலாம்தானே, இவரிடம் கடன் சொல்லி நாளைக்குச் சித்தியிடம் கொடுத்தனுப்புவோம், விலைக்கு வாங்கியதாகவே ஆகாது என்று காதில் கிசுகிசுத்தேன். உப்புக்குச் செய்வதைத்தானே சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“தந்திரம் ஒண்ணும் வேண்டாம் மக்கா. வாங்குனா வாங்குனதுதான்.”

கவரைக் கிழித்தாள். வீங்கிய விரல்களால் அது சட்டென்று கிழியவில்லை. நான் உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். நோட்டை எடுத்து மேசைமேல் வைத்துத் தேய்த்து நீவினாள். கடைக்காரர் மீதி பத்து ரூபாயை நீட்டினார். அதை என் கையில் திணித்து, பேனா மை தீர்ந்துபோகும், இன்னொன்று வாங்கிக்கொள் என்றாள். சட்டத்தை உடைப்பது என்று முடிவு செய்தபிறகு அரைகுறையாக உடைக்கிற ஆள் இல்லை.

தேர்வு நன்றாகவே எழுதினேன். ஆனால் எழுதும்போதெல்லாம் அம்மா என்ன பாடு படுகிறாளோ என்றே மனம் அடித்துக்கொண்டது. இத்தனை வருடம் பட்டினி கிடந்து காத்த ஒன்றை என் ஒரு காகிதத்துக்காக விட்டுவிட்டாள். வெளியே வந்தால் அழுதுகொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். அவளோ வேப்பமரத்து நிழலில் தேர்வெழுத வந்த யாரோ ஒரு பெண்ணின் தாயோடு கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சித்தி வீட்டுக்கு நடக்கும்போது மெதுவாகக் கேட்டேன், காணிக்கைப் பை வந்தபோது என்ன செய்தாய் என்று. வெறுங்கையை உள்ளே விட்டு எடுத்தாளாம், பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டாளாம். அதற்கும் சிரிப்பு. வருத்தமாக இல்லையா என்றேன். அம்மா வேதப்புத்தகத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஏட்டி, ஆறு நாளும் அண்டியாபீஸ்ல அவனுவ சொன்னத கேட்டேன். நில்லுன்னா நின்னேன், இருன்னா இருந்தேன். ஒரு நாளாவது நான் சொன்னது நடக்கணும்லா. அந்த நாளத்தான் நான் ஆண்டவருக்குக் குடுத்தேன், எனக்கிட்ட வேற என்ன கெடந்துது? இன்னைக்கும் நான் சொன்னதுதான் நடந்துருக்கு. வருத்தம் என்னத்துக்கு?”

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். இத்தனை காலம் அவள் ஒரு சட்டத்துக்குப் பயந்து வாழ்கிறாள் என்று நினைத்து அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். அவள் யாருக்கும் பயந்தவளே இல்லை. அந்தக் கறுத்த விரல்களைப் பிடித்துக்கொண்டேன். வெயில் ஏறுகிறது, நட என்றாள்.

தாலுகா அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்த மாதம் அம்மா ஆலையை விட்டு நின்றாள். மேஸ்திரி இந்தமுறையும் ஆளனுப்பினார், போகவில்லை. இப்போது எங்கள் வீட்டில் வாரத்தில் ஏழு நாளும் அவள் சொல்வதுதான் நடக்கிறது.